பெயர் கேட்காமல் கொடுத்த கஞ்சி

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஒன்பது, வளர்த்து ஆளாக்கியது ஆறு. உச்சமுனைத் தீவில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே விதவையானவள். எழுத்துக் கொஞ்சம்தான் தெரியும். சிறுவயதில் ஞானோபதேசம் சொல்லித்தர வந்த உபதேசியார் மணலில் விரலால் எழுதப் பழக்கினார். மணலுக்குப் பழகிய விரல் பென்சிலைப் பிடித்தால் வலிக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். ரோமாபுரிக்குப் போய் வந்தவர்கள் எழுதியதைக் கோயிலில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். கப்பலில் என்ன தின்றார்கள், எந்தப் பட்டணத்தில் குளிர் அடித்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. என் பயணம் அதற்குக் குறைந்தது அல்ல. எங்கள் தீவில் நின்று பார்த்தால் கற்பிட்டியே வேறு தேசம். நான் போனது அதற்கும் அப்பால், சிலாபத்துக்கு.

என் மூத்த மகள் திரேசாவைக் கூட்டி வரத்தான் போனேன். கடைசி மகன் சவிரிக்குத் தலைப்பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் தலைப்பிள்ளையைத் தகப்பனின் மூத்த சகோதரிதான் ஞானத்தாயாக ஏந்த வேண்டும். திரேசாவோ இரண்டு வருடமாகத் தீவில் கால் வைக்கவில்லை. பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. மருமகள் ஒவ்வொரு இருமலுக்கும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். உயிருக்கு ஆபத்தென்றால் யாரும் தண்ணீர் ஊற்றலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வேறொருத்தி ஏந்தினால், எங்கள் குடும்பம் இரண்டாகிவிட்டது என்று நாங்களே கோயிலில் வைத்துச் சொன்னதாக ஆகும். நான் உயிரோடு இருக்கும்வரை அதற்கு விடமாட்டேன். அடுத்த ஞாயிறு சுவாமியார் தீவுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் அவளைக் கொண்டுவர வேண்டும்.

அவள் ஏன் வராமல் இருந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் கிடந்த ஒருவனைத் தூக்கி வந்தால், அவன் ஒரு கோப்பை கஞ்சி குடித்து முடிக்கும்வரை யாரும் அவன் பெயரைக் கேட்பதில்லை. ஊர் கேட்பதில்லை, எந்த வேதத்துக்காரன் என்றும் கேட்பதில்லை. என் மாமியார் எனக்குச் சொன்னது. அவருக்கு அவருடைய மாமியார் சொன்னது. காரணம் கேட்டேன். ஆள் யாரென்று தெரிந்தால் அகப்பை பிடித்த கை கொஞ்சம் தயங்கும், அதற்காகத்தான் என்றார். முன்பு எங்களுக்கும் அக்கரை ஆட்களுக்கும் வலைச் சண்டை நடந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் உண்டான வழக்கமாக இருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன், உயிர்த்த ஞாயிறு அன்று நாங்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. மறுநாள் விடியப் போன சவிரி, நெஞ்சில் தலையணை போல ஒன்றைக் கட்டிக்கொண்டு மிதந்த ஒரு மனிதனை வள்ளத்தில் போட்டுக் கொண்டுவந்தான். முப்பது வயது இருக்கும். கட்டையான ஆள். ஒரு காது வெந்து கிடந்தது. வழக்கப்படி நான்தான் கஞ்சி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி, குடிக்கும் முன் அந்தக் கோப்பைக்குத் தலை குனிந்தான். பிறகு சத்தம் போட்டு உறிஞ்சிக் குடித்தான். குடித்து முடிந்ததும் சவிரி தன் நெஞ்சைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னான். அவனும் தன் நெஞ்சைத் தொட்டு என்னவோ சொன்னான். அது பெயரோ, நன்றியோ, இன்னும் கொஞ்சம் கேட்டானோ தெரியாது. கேட்டு நின்ற ஒருவர் நாக்கிலும் அது நிற்கவில்லை.

அடுத்த நாள் ஊர் விதானையார் பொலிஸோடு வந்து, இவன் யப்பான்காரன், ஆகாயக்கப்பலில் வந்தவன் என்று சொல்லிக் கொண்டுபோனார். கொழும்பில் குண்டு விழுந்தது என்ற கதையே அப்போதுதான் எங்களுக்கு வந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றச் செய்தி வந்தது. திரேசாவின் புருஷன் பவுலு கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். திருநாள் என்றும் பாராமல் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் உடம்பைக்கூட எங்களுக்குத் தரவில்லை.

முப்பதாம் நாள் பூசைச் சாப்பாட்டில் யாரோ ஒருத்தி வாய் தவறி, நாங்கள் கஞ்சி கொடுத்த கதையைத் திரேசாவுக்குச் சொல்லிவிட்டாள். திரேசா கையில் இருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். எழுந்து கை கழுவினாள். மகள் ரோசலினைக் கூட்டிக்கொண்டு தீவை விட்டுப் போனாள். அவ்வளவுதான்.

முதல் நாள் காசிமின் வள்ளத்தில் களப்புக் கடலைக் கடந்தேன். காசிம் கற்பிட்டிக்காரன். தீவுக்குச் சாமான் கொண்டுவந்து கருவாடு ஏற்றிப் போகிறவன். பாதி வழியில் காற்று விழுந்துவிட்டது. பாய் நனைந்த சேலை போலத் தொங்கியது. அவன் கம்பு ஊன்றித் தள்ளினான். தள்ளுகிறவன் சும்மா தள்ளமாட்டான், கதைத்துக்கொண்டேதான் தள்ளுவான். அவன் இளவயதில் உப்பு ஏற்றிவந்த தோணி கவிழ்ந்து, என் புருஷன் தூக்கி வந்த ஆள். அந்தக் கதையை எங்கே போனாலும் சொல்லுவான். அன்றும் வள்ளத்தில் இருந்த இரண்டு புகையிலை வியாபாரிகளுக்குச் சொன்னான்.

"நான் பேரச் செல்லத்தான் வாய் தொறந்தன். இந்த ஆச்சி அகப்பையால வாய அடைச்சிட்டாங்க. மூணு கோப்ப குடிச்ச பொறகுதான் நான் காசிம் எண்டு எனக்கே ஞாபகம் வந்திச்சு."

வியாபாரிகள் சிரித்தார்கள். அவர்கள் வெற்றிலை போடத் திரும்பிய நேரம் பார்த்து அவன் குரலைக் குறைத்து என்னிடம் கேட்டான். அந்த ஆள் குண்டு போட வந்தவன் என்று முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று. கொடுத்திருப்பேன் என்று சட்டென்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. தெரியாமல் கொடுத்ததை வைத்துக்கொண்டு, தெரிந்தும் கொடுத்திருப்பேன் என்று பெருமை பேசுவது சுலபம்.

இரவு காசிம் வீட்டில் தங்கினேன். அவன் மனைவி பாஜிரிப் புட்டு அவித்துத் தந்தாள். அரிசிக்குப் பதிலாக அரசாங்கம் கூப்பனுக்குக் கொடுக்கிற தானியம் அது. மென்றால் மணலும் தவிடும் சேர்ந்து பல்லில் ஒட்டும். கோழிக்குப் போட்டாளாம், கோழி அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்றாம். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று யன்னலில் சாக்குத் தொங்கியது. எங்கள் தீவில் யன்னலும் இல்லை, மறைக்கச் சாக்கும் இல்லை.

காசிம் காக்கா என்று கூப்பிடுகிற அவன் அண்ணனுடைய மகன் பாலாவியில் இருக்கிற ஆகாயக்கப்பல் முகாமில் வேலை செய்கிறான். அவன் காலுக்குச் சப்பாத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று காசிமின் மனைவி பெருமைப்பட்டாள். அவன் குண்டுப் பெட்டி சுமக்கிறானாம். "பெட்டிதானே ஆச்சி சுமக்கிறான். போடுறது வேற ஆள்" என்றாள். அதே முகாமுக்கு என் மகன் சவிரியின் மீன் போகிறது. மீன் கொடுக்கிறவன், பெட்டி சுமக்கிறவன், குண்டை ஆகாயக்கப்பலில் பூட்டுகிறவன், மேலே போய்ப் போடுகிறவன். பாவம் இதில் எந்த ஆளிடம் தொடங்குகிறது என்று, சிக்கிய நூலுக்கு நுனி தேடுவது போலத் தேடினேன். நுனி கிடைக்கவில்லை. யப்பானிலும் ஒருவன் மீன் கொடுத்திருப்பான்.

இரண்டாம் நாள் பஸ். கற்பிட்டிக் கழுதைகள் ரோட்டின் நடுவில் காணிக்காரர் மாதிரி நின்றன. பஸ்காரன் இறங்கிப் போய் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு வந்தான். பாலாவிக்குக் கிட்ட வந்ததும் பஸ்ஸே கழுதையாகி நின்றுவிட்டது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். பெண்களும் இறங்கினால் பாரம் குறையும் என்றான் பஸ்காரன். என் பாரம் என் வயதோடு வந்த பாரம், அது இங்கேயே இருக்கும் என்றேன்.

அப்போதுதான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். கம்பி வேலிக்கு அப்பால் ஒரு ஆகாயக்கப்பல் சேற்றில் மூக்குக் குத்திக் கிடந்தது. அதைச் சங்கிலியால் கட்டி ஒரு யானை இழுத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் சட்டை இல்லாமல் நின்று சிரித்தார்கள். பாகன் சிங்களத்தில் யானையைப் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டான். யானை ஒரு அடி வைத்தது. ஆகாயக்கப்பல் ஒரு அடி வந்தது. பஸ்ஸைத் தள்ளியவர்கள்கூட கைதட்டினார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அது நல்ல யானை. தான் எதைச் சேற்றிலிருந்து தூக்கி விடுகிறது, அது நாளைக்கு எங்கே போய் என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. பஸ் கிளம்பிய பிறகு, அந்த யானையையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

புத்தளத்தில் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. தேத்தண்ணிக் கடையில் ஒரு முஸ்லிம் பெரியவர் எழுந்து எனக்குத் தன் கதிரையைத் தந்தார். பாண் ரொட்டி கறுப்பாக, நடுவில் ஈரமாக இருந்தது. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை; உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்தார்கள். அதை நக்கி நக்கிக் குடித்தேன். நல்லாயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சிலாபத்துக்கு ரயில் கோச்சி. எனக்கு அது இரண்டாம் தடவைதான். பெட்டி முழுக்கப் பட்டாளக்காரர். கரிய, ஒல்லியான ஒருவன் எழுந்து இடம் தந்தான். மதராஸ் பக்கத்துத் தமிழன். எங்கள் பேச்சு அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. அவன் பேச்சு எனக்குச் சிரிப்பாக இருந்தது. நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். தன் ஊரில் ஆடு குளிக்கவே தண்ணீர் இல்லை என்றான். கப்பல் கவிழ்ந்து கடலில் விழுந்தால், உன்னைத் தூக்குகிறவன் நீ யார் பக்கம் என்று கேட்டுவிட்டுத் தூக்கலாமா என்று கேட்டேன்.

"கேக்காம தூக்கினா புண்ணியமாப் போகும், பாட்டி" என்றான்.

தூக்கிக் கஞ்சி கொடுத்து உன் ஆட்களிடமே விட்டால் பிறகு என்ன செய்வாய் என்றேன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள், மூன்றாம் நாள் திரும்பச் சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றான். "அது என் கையில இல்லையே."

எதிரே இருந்த சிங்களப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், இந்தக் கிழவியைத்தான் பட்டாளத்துக்குப் பெரிய துரையாக வைக்க வேண்டும் என்று தன் பாஷையில் சொன்னாள். வைத்தால் போகத் தயார் என்று அதே பாஷையில் சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பட்டாளக்காரன் இறங்கும்போது எனக்கு இரண்டு பிஸ்கோத்துத் தந்தான். பலகைத் துண்டு. தண்ணீரில் ஊறப்போட்டும் ஊறவில்லை. அவன் அம்மா இப்போது எங்கே இருந்து, எந்தக் கடலை நினைத்துக்கொண்டிருக்கிறாளோ.

முந்தலில் கோச்சியை நிறுத்திவிட்டார்கள். படங்குத் துணியால் மூடிய பட்டாளக் கோச்சி ஒன்று போக வேண்டும் என்றார்கள். மனிதர் எல்லாரும் இறங்கி மர நிழலில் நின்று, அந்த மூடிய சாமான்களுக்கு வழி விட்டோம்.

சிலாபம் வந்தபோது பின்னேரம். திரேசாவின் வீடு கருவாடு காய்கிற வெளிக்குப் பின்னால், இரண்டு அறை. ஒரு சிங்கள முதலாளியின் மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைப்பது அவள் வேலை. ரோசலின் "அம்மம்மா" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வயது. தகப்பனின் நெற்றி. திரேசா வாசலில் நின்று, வந்தீங்களா என்றாள். உள்ளே போய் நண்டுக் கறி வைத்துத் தந்தாள். சிலாபத்து நண்டுக்கு எங்கள் தீவு நண்டைவிடச் சதை அதிகம்; ருசி குறைவு. ஆனால் கறியில் பிழை இல்லை. கோபத்திலும் என் மகளுக்கு உப்புக் கை தவறவில்லை.

மூன்றாம் நாள் விடியக் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்த பிறகு சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, நான் செய்தது பாவமா என்று கேட்டேன். வெள்ளைக்காரச் சுவாமியார், நல்ல தமிழ். பகைவனுக்குப் பசித்தால் சோறு கொடு என்றுதான் எழுதியிருக்கிறது, நீ செய்தது தர்மம் என்றார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. பிறகு யோசித்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் பூசை முடிவில் இதே சுவாமியார்தான் எங்களை முழங்காலில் நிற்கவைத்து, ராசாவின் படைக்கு வெற்றி கொடும் என்று மன்றாட்டுச் சொன்னார். நானும் ஆமென் சொன்னேன். அந்த வெற்றிக்கு எத்தனை பேர் கடலில் விழ வேண்டும் என்று அதில் சொல்லவில்லை. அவர் அங்கி முழங்காலில் கிழிந்து தைத்திருந்தது. பாவம், அவரும் எங்கிருந்தோ வந்தவர்.

திரும்பி வந்தபோது திரேசா பாயில் மீன் விரித்துக்கொண்டிருந்தாள். நானும் குந்தி உட்கார்ந்து விரித்தேன். சுவாமியார் தர்மம் என்று சொன்னார் என்றேன்.

"சுவாமியாருக்கு மனிசன் செத்ததா?" என்றாள்.

நான் அடுத்த மீனை எடுத்து விரித்தேன். பிறகு அவளாகவே தொடங்கினாள். இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருந்த பேச்சு அது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

"அம்மா, திருநாளண்டு விடிய அவனுக்கு ஆரோ சோறு குடுத்துத்தான் அனுப்பியிருப்பாங்க. அடுத்த நாள் நீங்க கஞ்சி குடுத்தீங்க. அந்த ரெண்டு சாப்பாட்டுக்கும் நடுவிலதான் என்ட மனிசன் செத்தது. முதல் குடுத்தவங்க கொல்ல அனுப்பக் குடுத்தாங்க. நீங்க எதுக்குக் குடுத்தீங்க?"

அவன் போட்ட குண்டுதான் என்று யாருக்குத் தெரியும் என்றேன். அப்படியென்றால் அவன் குண்டு வேறொருவனைக் கொன்றிருக்கும், அந்த வேறொருவனின் பெண்சாதிக்குக் கணக்கு இல்லையா என்று கேட்டாள். அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி அவன் யாரையும் கொல்ல முடியாது என்றேன். அது விதானையார் வந்ததால். விட்டிருந்தால் உங்கள் மகன் வள்ளத்தில் ஏற்றி அவன் ஊருக்கே கொண்டுபோய் விட்டிருப்பான் என்றாள். கோச்சியில் பட்டாளக்காரன் சொன்னதும் இதுதானே. தூக்கி விட்டவனைத் திரும்ப அனுப்புவார்கள். அப்படியென்றால் தூக்கின கையும் அனுப்புகிற கைதானா?

கடைசியில் நான் ஒன்று கேட்டேன். "நீ அண்டைக்கு அந்தக் கரையில நிண்டிருந்தா என்ன செய்திருப்பாய்?"

"கேட்டிருப்பன்" என்றாள்.

"கேட்டிட்டு?"

காயாத மீனையெல்லாம் மறுபக்கம் திருப்பிப் போட்டாள்.

அன்று பின்னேரம் தலை வாரிக்கொண்டே சொன்னாள். "நான் வாறன். பிள்ளைய ஏந்துறன். ஆனா தம்பி கோயில் வாசல்ல நிண்டு சத்தியம் செய்யவேணும். இனிக் கடலில ஆரக் கண்டாலும் பேரும் ஊரும் கேட்டுத்தான் வள்ளத்தில ஏத்துறது எண்டு."

எங்கள் பாஷை தெரியாதவனாக இருந்தால் என்ன செய்வது என்றேன்.

"தெரியாட்டி விடட்டும்."

சீப்பைக் கொண்டைக்குள் செருகினாள். நான் பெற்றவள், எனக்குத் தெரியும், அந்தக் கொண்டை இனி அவிழாது. பிள்ளையின் இருமல் என் காதில் இருந்தது. சரி, சவிரியிடம் கேட்போம் என்றேன்.

நாலாம் நாள் மூன்று பேராகத் திரும்பினோம். கோச்சி நிற்காமல் வந்தது. பாலாவியில் யானை இல்லை. சேற்றில் அதன் கால் தடமும், சக்கரம் ஓடிய கோடும் இருந்தன. ரோசலின் அதை எட்டிப் பார்த்து, இவ்வளவு பெரிய காலா என்று கேட்டாள். காசிம் வள்ளத்தில் காத்திருந்தான். திரேசாவைக் கண்டதும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வழியில் அவளே தன் நிபந்தனையை அவனுக்குச் சொன்னாள். அவன் பாய்க்கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுச் சொன்னான்.

"அப்ப இனிக் கடலில விழுறவன் பேரச் செல்லிக்கொண்டே விழணும்."

வழக்கமான பகிடிக்காரன்தான். ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை. கரை சேரும்வரை அவன் தன் கஞ்சிக் கதையைச் சொல்லவில்லை. அந்தக் கதை இல்லாமல் அவன் வள்ளத்தில் நான் வந்தது அதுதான் முதல் தடவை.

சவிரி கொஞ்சமாவது யோசிப்பான் என்று நினைத்திருந்தேன். மாட்டேன் என்று சொன்னால் அவனுக்காக அக்காளிடம் வாதாட நான் வார்த்தைகூடத் தேடி வைத்திருந்தேன். அவன் அக்காளைப் பார்த்தான், மருமகள் தோளில் இருமிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தான், ஓம் என்றான். சொன்னதும் அவன் தோள் இறங்கியது, தலைச்சுமையை யாரோ வாங்கிக்கொண்டது போல. இந்த இரண்டு வருடமும் அவன் தன் மைத்துனரையும் அந்த மனிதனையும் ஒரே வள்ளத்தில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போய் வந்திருக்கிறான். நான் பெருமைக்காரி, அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை கோயில் வாசலில் நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, அக்காள் சொல்லச் சொல்ல அவன் சத்தியம் செய்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. திரேசா பிள்ளையைக் கையில் வாங்கினாள். வாங்கிய உடனே அவள் முகம் உடைந்து போயிற்று. பிள்ளையை முத்தமிட்டு முத்தமிட்டு அதன் உச்சியை நனைத்துவிட்டாள். சுவாமியார் தண்ணீர் ஊற்றுவதற்கு முன், இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். பவுல் என்று சவிரி சொன்னான். அக்காளும் தம்பியும் கட்டிப் பிடித்து அழுதார்கள். ஊரெல்லாம் அழுதது. காசிம் எங்கிருந்தோ நல்ல அரிசி கொண்டுவந்திருந்தான். பிள்ளையின் இருமலும் இப்போது குறைவு.

நான் எதற்காகப் போனேனோ அது கிடைத்தது. திரேசா சொல்வது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சவிரி செய்தது பிழை என்றும் சொல்ல முடியவில்லை. இருவருக்கும் நடுவில் நின்று, என் மாமியார் என் கையில் தந்த ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். குண்டு விழுந்தது கொழும்பில். இங்கே ஒரு ஓலைகூட எரியவில்லை. ஆனால் இனி ஒருவன் தண்ணீரில் கையைத் தூக்கினால், என் மகன் துடுப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்பான். போர் என்றைக்காவது முடியும் என்கிறார்கள். முடிந்த பிறகும் கேட்பான். சத்தியத்துக்குக் காலம் குறிக்கவில்லை.

நேற்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். வாய் நிறைய உப்புத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு, என் பெயரையும் ஊரையும் சொல்லிப் பார்த்தேன். மூன்று தரம் சொன்னேன். கரையில் நின்ற மருமகள், என்ன மாமி, ஒன்றும் விளங்கவில்லையே என்றாள். என் பெயர் அவளுக்குத் தெரியும். ஊரும் அவளுக்குத் தெரியும்.

பின்னேரங்களில் வள்ளங்கள் வருகிற நேரத்துக்கு இன்றும் கஞ்சி வைக்கிறேன். இதுவரை கடலிலிருந்து யாரும் வரவில்லை. வராமல் இருக்கட்டும் என்று இப்போது செபிக்கிறேன். முன்பு அப்படிச் செபித்தது இல்லை.

ரோசலின், இவ்வளவும் நான் என் கையால் எழுதியது. நீயும் உன் அம்மாவும் நாளைக்குச் சிலாபம் போய்விடுவீர்கள், அதனால்தான் அவசரமாக முடித்தேன். எழுத்துப் பிழை கண்டால் பிறகு திருத்து, இப்போது வேண்டாம். இந்தப் பக்கம் வந்து, வெளிச்சம் படுகிற மாதிரி உட்கார்ந்து, முதலில் இருந்து சத்தமாக வாசி. உன் அப்பாவின் பெயர் இதில் இருக்கிறது. அந்த மனிதனும் இருக்கிறான், பெயர் இல்லாமல். உன் அம்மா அங்கே மாமாவின் மீனை விரித்துக்கொண்டு, கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறாள். கஞ்சி வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.